அருவிக்கரையில் அவிழ்த்த பந்தல்

காட்டுக்குள் தங்கலாம் என்ற யோசனை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் நடந்த நல்லது எதுவும் என்னால் நடக்கவில்லை. கெட்டுப்போனதில் மட்டும் என் கை இருக்கிறது.

நாங்கள் நான்கு பேர் போனோம். நான், என் அக்கா கலா, அவளுடைய மூன்று வயது மகள் யாழினி, அக்காவின் கணவர் செந்தில் மாமா. யாழினிக்குத் திருப்பதியில் மொட்டை போடுவதாக அவள் பிறந்தபோதே வேண்டுதல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்க வேண்டும் என்பதால் நான் போகாமல் அது நடக்காது. எங்கள் அப்பா இறந்த வருடம் நான் மலை ஏறக்கூடாது என்று தள்ளிப்போனது. தலைத்திதி முடிந்த பிறகும் பல மாதம் இழுத்தது. குழந்தையின் அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இல்லை என்பதுதான் காரணம்.

மாமா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பந்தல் போடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சவுக்குக் கம்பும் கயிறுமாகப் போய் இறங்கிவிடுவார். அப்பா இறந்தது ஆவணியில் ஒரு பெரிய முகூர்த்த நாள். அன்றைக்கு மாமாவுக்கு மூன்று கல்யாணப் பந்தல். அவர் புவனகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம். எங்கள் வாசலில் நின்றது வேறு கடைக்காரர் போட்ட பந்தல். அக்கா அவரைப் பார்த்தாள், நிமிர்ந்து பந்தலைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். காரியம் முடிந்தும் கடலூருக்குத் திரும்பவில்லை. ஒன்றே முக்கால் வருடம் ஆகிவிட்டது. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் பேசித் தீர்க்கலாம். ஒரு வார்த்தை சண்டை கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாமா வருவார், குழந்தையைத் தூக்குவார், தண்ணீர் குடிப்பார், போய்விடுவார்.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அக்காவை ஐந்தாவதோடு நிறுத்தி நடவுக்கு அனுப்பினார்கள். அவள் கூலிக்குப் போனதால்தான் என்னால் சிதம்பரம் வரைக்கும் போய்ப் பட்டம் வாங்க முடிந்தது. இப்போது கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அவளுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. ஆபீசில் ஒருவர் சொன்னார்: திருப்பதியிலிருந்து நாலு மணி நேரத்தில் காட்டுக்குள் ஓர் அருவி இருக்கிறது, பக்கத்திலேயே பத்துக் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள், செல்போன் எடுக்காது. அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பிடித்தது. வேறு போக்கிடம் இல்லாமல் இரண்டு பேரும் பேசிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

நானும் அக்காவும் குழந்தையும் சிதம்பரத்தில் ரயில் ஏறினோம். மாமா திருப்பாதிரிப்புலியூரில் ஏறினார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு, தோளில் ஒரு உரச் சாக்கு. சாக்கை இருக்கைக்கு அடியில் தள்ளும்போது எட்டிப் பார்த்தேன். நீலத் தார்ப்பாய் ஒன்று, இரண்டு கட்டுக் கயிறு.

“எதுக்கு மாமா இது? அங்க கூடாரமெல்லாம் அவுங்களே போட்டிருப்பாங்க.”

“மரத்தடில படுக்கப்போறோம்னு சொன்னியே மச்சான். கெடக்கட்டும், சோறா கேக்குது.”

அவருக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து வாங்கியிருந்தேன். அக்கா நடுவில் குழந்தையை உட்கார வைத்தாள். குழந்தைக்கும் அவருக்கும் நடுவில் சாப்பாட்டுப் பையை வைத்தாள். விழுப்புரம் தாண்டியதும் புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வெளியே வந்தன.

“பாப்பா, அப்பாவுக்கு வேணுமான்னு கேளு.”

“அப்பா, வேணுமா?”

“கொஞ்சம் போதும்னு சொல்லு.”

“கொஞ்சம் போதுமாம்.”

“ஊறுகா வேணுமான்னு கேளு.”

எதிர் இருக்கையில் ஒரு மன்னார்குடிக்காரர் தினசரியை மடக்கிவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, இந்த வயசுலயே புள்ளைய போஸ்டாபீஸ் வேலைல சேத்துட்டீங்களா” என்றார். மாமா சிரித்துவிட்டார். அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்தாளா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மலையில் மொட்டை. யாழினியை மடியில் வைத்து நான் இறுக்கிப் பிடிக்க, அவள் என் சட்டையைக் கடித்து இழுத்தாள். தலையை அசைத்துக்கொண்டே இருந்ததால் முடி எடுப்பவர் கத்தியைத் தூக்கிவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்றவர் மொழிபெயர்த்தார்: “அப்பா எங்கேன்னு கேக்கறாரு, வந்து தலையைப் பிடிக்கணுமாம்.” மாமா முட்டி போட்டு இரண்டு கையாலும் குழந்தையின் தாடையைப் பிடித்தார். கால் உதைத்தது. அக்கா வந்து காலைப் பிடித்தாள். நாலு நிமிடம் எல்லாரும் ஒரே குழந்தையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தோம். சந்தனம் தடவிய மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்த்து யாழினி தானே சிரித்தபோது, என் திட்டம் தானாகவே நடக்கிறது என்று எனக்குள் ஒரு பூரிப்பு. அப்போதே நான் ஊருக்குத் திரும்பியிருக்கலாம்.

அன்றைக்கே காட்டுக்குப் போன பஸ்ஸில் பின்கதவுக்குத் தாழ் விழவில்லை. ஒவ்வொரு வளைவிலும் படார் என்று திறந்தது. கண்டக்டர் ஒரு காலைக் கதவில் கொடுத்தபடி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். இரண்டு கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்த மாமா, சாக்கிலிருந்து ஒரு முழக் கயிறு எடுத்து, கைப்பிடியோடு கதவைச் சேர்த்து ஒரு கட்டு கட்டினார். இழுத்தால் இறுகும், ஓரத்தை விரலால் சுண்டினால் அவிழும். ஆள் இறங்கும்போது கண்டக்டரே சுண்டி அவிழ்த்து மறுபடி கட்டப் பழகிவிட்டார். கூடையில் வேர்க்கடலை வைத்திருந்த ஒரு பாட்டியம்மா அக்காவின் மடியில் இரண்டு கை அள்ளிப் போட்டுத் தெலுங்கில் சொன்னதை, சென்னையில் வேலை பார்த்த ஒருவர் எங்களுக்குச் சொன்னார்: “கை வேலை தெரிஞ்ச புருசன், நீங்க குடுத்து வச்சவங்கன்னு சொல்றாங்க.” அக்கா கடலையை உரித்துக் குழந்தையிடம் கொடுத்தாள். “பாதி அப்பாவுக்கு” என்றாள்.

கூடாரம் போட்டிருந்த இடம் சின்னது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம் அளவுகூட வராது. பெரிய பெரிய மரங்கள், நடுவே பச்சையும் ஆரஞ்சுமாகப் பத்துக் கூடாரம், ஒரு சமையல் கொட்டகை, ஒரு குழாய், ஓர் அறிவிப்புப் பலகை. பார்த்துக்கொள்கிறவர் சுப்பய்யா என்ற காவலர். அவர் மனைவிதான் சமையல். சுப்பய்யாவுக்குத் தமிழ் பாதி வரும், மீதியைக் கையால் சொல்வார்.

அருவி நூறு அடி நடையில். வைகாசியிலும் தண்ணீர் இருந்தது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் படுத்துத்தான் கிடக்கும். வெள்ளாறு ஆனாலும் வீராணம் ஆனாலும் கடல் ஆனாலும் கண்ணுக்கு எட்டும் மட்டும் தட்டையாகக் கிடக்கும். நின்றுகொண்டிருக்கிற தண்ணீரை நான் இருபத்தாறு வயதில்தான் பார்த்தேன். அக்கா முப்பதில். யாழினி அண்ணாந்து பார்த்து, “மேல யாரும்மா ஊத்துறா” என்றாள். அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் போய்த் தலையைக் கொடுத்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. மாமா குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கரையில் நின்றார். அவர் அருவியைப் பார்க்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் புளிச்சக்கீரைத் துவையலும் கோழிக்குழம்பும். முதல் வாயிலேயே அக்காவுக்கு மூக்கில் நீர் வந்துவிட்டது. “நம்ம ஊரு மொளகா இதுக்கு முன்னாடி சக்கர” என்றாள். பொதுவாகச் சொன்னாள், குழந்தையிடம் சொல்லவில்லை. மாமா மோர்ச் செம்பை எடுத்து அவள் இலைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். குடித்தாள்.

அதன் பிறகு மாமா கூடாரத்தைச் சுற்றி வந்தார். தொழில்காரர் பார்வை. கம்பியைத் தட்டினார், துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“குச்சி ஐஸு குச்சி மாதிரி இருக்குது மச்சான். இதுல மனுசன் படுக்கறதா?”

“இதெல்லாம் வெளிநாட்டு மாடல் மாமா. காத்து மழை எல்லாம் தாங்கும்.”

“தாங்கும் தாங்கும். பள்ளத்துல போட்டிருக்கான் பாரு. மழ வந்தா எல்லாத் தண்ணியும் இங்கதான் வந்து நிக்கும்.”

சுப்பய்யாவும் வானத்தைக் காட்டித் தலையை ஆட்டினார். சாயந்திரமானால் இந்தப் பக்கம் மழை வரும் என்றார்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன். குடிதண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. நிரம்புவதற்குள் அறிவிப்புப் பலகையை முழுக்கப் படித்துவிட்டேன். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பதினோரு விதிகள். நான் திரும்பி வந்தபோது மாமா வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார். அக்காவும் குழந்தையும் படுக்க வேண்டிய கூடாரத்துக்கு மேலே, இரண்டு மரத்துக்கும் சுப்பய்யா கொடுத்த இரண்டு மூங்கிலுக்கும் நடுவே, தார்ப்பாய் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கட்டும்போது கையைப் பார்க்க மாட்டார். வாயில் ஒரு கயிறு, கையில் ஒரு கயிறு, கண் எப்போதும் எதிர் மூலையில். அக்கா கூடார வாசலில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டுகிற கை நின்றுவிட்டது.

“பாப்பா, கெழக்கால இன்னும் கொஞ்சம் எறக்கச் சொல்லு. சாரல் அடிக்கும்.”

எங்களுக்கு மழை என்றால் கடல் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். மாமாவும் கடலூர்க்காரர்தான், கேள்வி கேட்காமல் கிழக்கே இறக்கிக் கட்டினார். சுப்பய்யா சிரித்துவிட்டு எதிர்ப்பக்கம், அருவி விழுகிற மலையைக் காட்டினார். இங்கே மழை மேற்கேயிருந்து வருமாம். இவ்வளவு நேரம் கட்டியதெல்லாம் தப்பு.

“சரி, அவுத்து மாத்திக் கட்டச் சொல்லு” என்றாள் அக்கா. இந்தத் தடவை அவள் சிரித்ததை நான் பார்த்தேன். மாமா கயிற்றின் ஒரு நுனியை அவள் பக்கம் நீட்டினார். குழந்தையின் கையில் கொடுக்கவில்லை, குழந்தைக்கு மேலாக நீட்டினார். அக்கா எழுந்து வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் மேற்கு மூலையை இறக்கி முடித்த பிறகும் அந்த நுனியை இழுத்துப் பிடித்தபடியே நின்றாள்.

இதையெல்லாம் இப்போது எழுதும்போது எனக்கு வரிசையாகத் தெரிகிறது. அப்போது தெரிந்தது வேறு. எங்களுக்கு அடுத்த கூடாரத்தில் சென்னையிலிருந்து வந்த இரண்டு பையன்கள் இருந்தார்கள், என் வயசுதான் இருக்கும். மடக்கு நாற்காலி, சின்ன அடுப்பு, கழுத்தில் கேமரா. அதில் ஒருவன் தார்ப்பாயைப் படம் எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “என்ன பாஸ், சாயங்காலம் ரிசப்ஷனா” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டான். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பத்துக் கூடாரத்தில் ஒன்றின் மேல் மட்டும் நீலத் தார்ப்பாய், பந்தல் கயிறு, அடியில் காயப்போட்ட பாவாடை. எங்கே போனாலும் நாங்கள் எந்த மாதிரி ஆட்கள் என்று இவையே காட்டிக்கொடுத்துவிடுகின்றன என்று தோன்றியது. நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

“மாமா, இதை அவுத்துடுங்க.”

“ஏன் மச்சான்?”

“ரூல்ஸ் போட்டிருக்கு. மரத்துல கயிறு கட்டக்கூடாது. தனியா எதுவும் கட்டுமானம் போடக்கூடாது. ஏழாவது ரூல்.”

சுப்பய்யா, “பரவால்ல தம்பி, ஆணி அடிக்கல, கயிறுதானே. நான் சொல்றேன், இருக்கட்டும்” என்றார். நான் விடவில்லை. நீங்கள் சொல்வது வாய்வார்த்தை, பலகையில் இருப்பது எழுத்து, நாளைக்கு யாராவது அதிகாரி வந்தால் எங்களைத்தான் கேட்பார்கள் என்றேன். அந்தக் காட்டின் காவலரிடம் அந்தக் காட்டின் விதியை நான் விளக்கினேன். எழுத்தில் இருப்பதை நம்பித்தான் நான் இவ்வளவு தூரம் வந்தவன் என்பது உண்மை. ஆனால் அன்றைக்கு விதி ஞாபகம் வந்தது அந்தப் பையன் சிரித்த பிறகுதான். குழாயடியில் படித்தபோது அது எனக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு கயிறு பிடித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாரோ என்னவோ. தம்பி படித்தவன், தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்பது எங்கள் வீட்டில் பழகிப்போன வழக்கம். அக்கா நுனியை விட்டாள்.

“படிச்சவன் சொல்ற. சரி” என்றார் மாமா.

கட்டுவதற்கு அரை மணி நேரம் ஆனது. நாலு மூலையையும் சுண்டி அவிழ்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தார்ப்பாயை மடித்தார், கயிற்றை முழங்கையில் சுற்றினார், சாக்கில் போட்டார். அக்கா குழந்தையோடு கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு மழை வந்தது. மேற்கேயிருந்துதான் வந்தது. பத்து நிமிடத்தில் பள்ளம் நிறைந்து, கூடாரத்தின் அடித்துணி தண்ணீர்ப் படுக்கை மாதிரி மிதந்தது. மாமா ஓடிப்போய்த் தார்ப்பாயைப் பிரித்துக் குழந்தையின் மேல் போர்த்தித் தூக்கிக்கொண்டு சமையல் கொட்டகைக்கு ஓடினார். அக்கா நனைந்த துணி மூட்டையோடு பின்னால் வந்தாள். சென்னைப் பையன்களும் வந்தார்கள், மற்றக் கூடாரத்து ஆட்களும் வந்தார்கள். எல்லாரும் அடுப்பைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தோம். மாமா ஒரு மூலையில், அக்கா எதிர் மூலையில். யாழினி நடுவில் சுப்பய்யாவின் மனைவி மடியில். அவளை யாரும் எந்தச் செய்திக்கும் அனுப்பவில்லை.

நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். குடும்பம் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டும், நடந்தது நடந்துபோச்சு, ரெண்டு பேரும் மனசுவிட்டுப் பேசணும் என்று இத்தனை பேர் நடுவில் சொன்னேன். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு அது. அக்கா நெருப்பைப் பார்த்துக்கொண்டே, “தம்பி, போதும்” என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் அருவி செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் தங்குவதாக ஏற்பாடு. மாமா குளித்துவிட்டு அதே வெள்ளைச் சட்டையை ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்தார்.

“மச்சான், பால் வண்டி கீழ போவுதாம். நான் அதுலயே கெளம்புறேன். நாளான்னிக்கு முகூர்த்தம், ரெண்டு எடத்துல பந்தல் ஏத்தணும்.”

“இருங்க மாமா, இன்னிக்கு ஒரு நாள்தானே.”

“ஆளுங்க காத்துனு இருப்பானுங்க.”

குழந்தையின் மொட்டையில் முத்தம் கொடுத்தார். கூடார வாசல் பக்கம் திரும்பி, யாரையும் குறிப்பிடாமல், “போய்ட்டு வரேன்” என்றார். அக்கா உள்ளேயிருந்து “ம்” என்றாள். அந்த ஒரு எழுத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நாங்களும் மதியமே கிளம்பிவிட்டோம். ரயிலில் குழந்தை தூங்கிய பிறகு அக்கா கேட்டாள்.

“அத ஏன்டா அவுக்கச் சொன்ன?”

“ரூல்ஸ்க்கா. போர்டுல…”

“அந்தப் பையன் சிரிச்சானே, அதான?”

அவள் ஐந்தாவது வரைதான் படித்தாள். என்னை மட்டும் முழுசாகப் படித்திருக்கிறாள்.

“அந்த ஆளுக்கு வாயால பேச வராது தம்பி. ஆறு வருசமா பாக்குறேன், ஒரு மன்னிப்பு, ஒரு சமாதானம், எதுவும் வாயால வராது. நேத்து சாயங்காலம் பேசினு இருந்தாரு. நானும் கேட்டுனு இருந்தேன். நீ பாதியில நிறுத்திட்ட.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலக்கா. நான் போய்ச் சொல்றேன்.”

“என்னான்னு சொல்லுவ? மறுபடியும் வந்து கட்டுங்கன்னா? நீ சொல்லி நான் கயித்த விட்டேன்ல. அத அவரு பாத்தாரு.”

அடுத்த வாரம் ஆபீஸ் முடிந்து திருப்பாதிரிப்புலியூரில் மாமாவின் கடைக்குப் போனேன். வாசலில் நாற்காலிகளை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். அக்கா ரயிலில் சொன்னதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே டீ சொன்னார்.

“விடு மச்சான். ரூல்ஸுன்னா ரூல்ஸுதான்” என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “அவ கைய விட்டுட்டாளே. நான் இனிமே என்னாத்த இழுத்துக் கட்ட.”

ஜூன் மாதம் யாழினியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். கடலூரில் மாமா ஒரு பள்ளியைப் பார்த்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். விண்ணப்பத்தை வாங்கி வந்து, எங்கள் வீட்டுப் பழக்கப்படி, பூர்த்தி செய்ய என் முன்னால் வைத்தாள். குழந்தை பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், தந்தை தொழில் என்று எழுதிக்கொண்டே வந்தேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தேன்.

“நம்ம வீட்டு விலாசம்தான்” என்றாள். “எழுது.”

புவனகிரி என்று எழுதினேன்.